கண்ணை மூடிக் கேட்ட நீதிபதி

போன மாதம் நியூ ஜெர்சி எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஹோட்டல் மாடியில் உங்களையெல்லாம் பார்த்தேன். சட்டம் படித்து முடித்த நம் பிள்ளைகள். அடுத்த வருடம் ஃபெடரல் நீதிபதிகளிடம் லா கிளார்க்காகப் போகிறவர்களும், போக ஆசைப்படுகிறவர்களும். கையில் சமோசாவோடு என்னைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டீர்கள். எந்த நீதிபதி நல்லவர், எந்தக் கட்சி அதிபர் நியமித்தவர், எங்கள் கொள்கைக்கு ஒத்துவருவாரா என்று. நான் சட்னியைப் பார்த்துக்கொண்டே ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அப்பா அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வீர்கள். படிக்கட்டும். இந்தக் கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நான் மேலப்பாளையத்துக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்து, அது கசந்துபோய், வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரக் கல்லூரியில் சட்டம் படித்தேன். லா கிளார்க்குகள் பெரும்பாலும் ஓரிரு வருடம் இருந்துவிட்டுப் பெரிய சட்ட நிறுவனங்களுக்குப் பறந்துவிடுவார்கள். என்னைப் போல ஒரே நீதிபதியிடம் ஓய்வு பெறும்வரை ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஊரில் என் மாமாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. அமெரிக்கா போய் கோர்ட்டில் குமாஸ்தாவா என்று வருத்தப்படுவார். குமாஸ்தா இல்லை மாமா, வழக்கைப் படித்து, சட்டத்தைத் தேடி, தீர்ப்பை நாங்கள்தான் எழுதிக் கொடுப்போம், நீதிபதி திருத்திக் கையெழுத்துப் போடுவார் என்று ஒருமுறை விளக்கினேன். "அப்ப ஜட்ஜு என்னதாம்ல வேலை பாக்காரு?" என்றார். அன்று சிரித்தேன். பிற்பாடு சிரிக்கத் தோன்றவில்லை.

எந்தக் கோர்ட் என்று சொல்லமாட்டேன். எடிசனிலிருந்து ரயிலேறிப் போகும் தூரம், அவ்வளவுதான். வழக்கின் விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சேம்பர்ஸில், அதாவது நீதிபதியின் அலுவலக அறைகளில், நடந்தது சேம்பர்ஸோடு என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நீதிபதிகளுக்கு மிகவும் வசதியான பாடம்.

என் நீதிபதி தொழிலாளர் பக்கம் நிற்பவர் என்று நாடெல்லாம் பேர். சும்மா வந்த பேர் இல்லை. கிடங்கில் மூத்திரம் போக விடாத கம்பெனி, கர்ப்பிணியை ஏணியில் ஏற்றிய கம்பெனி, எல்லாவற்றையும் வெளுத்து வாங்கியிருக்கிறார். சட்டக் கல்லூரிகளில் அவர் தீர்ப்புகளைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். உங்களில் மூன்று பேர் அன்றைக்கு அவர் பேரைச் சொல்லி, அங்கே கிடைத்தால் சொர்க்கம் அங்கிள் என்றீர்கள். என் முகம் போன போக்கை யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் சேம்பர்ஸில் சில வழக்கங்கள் இருந்தன. ஒன்று, மதியச் சாப்பாடு. எல்லாரும் நீதிபதியோடு ஒரே மேஜையில். கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. ரமலான் மாதம் வந்தபோது, நோன்பு வைத்திருக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் என் அறையிலேயே இருந்துகொள்ளட்டுமா என்று முதல் வருடம் கேட்டேன். "தாராளமாக. ஆனால் நீ இல்லாத மேஜை மேஜையாகவே இருக்காது" என்று அன்பாகச் சொன்னார். அதன் பிறகு எத்தனையோ ரமலான், அவர்கள் சாண்ட்விச் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர்கூடவா கிடையாது என்று ஒவ்வொரு வருடமும் வியப்போடு கேட்பார். அவர் வாயிலிருந்து 'கூடாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. 'தாராளமாக' என்று சொல்லி, ஒரு 'ஆனால்' சேர்ப்பார். இந்த ஆனாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வருடா வருடம் வரும் இரண்டு புது கிளார்க்குகளில் ஒருவர் தன் கொள்கைக்காரராகவும் மற்றவர் எதிர்க் கொள்கைக்காரராகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். சாப்பாட்டு மேஜையில் மோத விட்டு ரசிப்பதற்காக. திறந்த மனசு என்று பத்திரிகைகள் பாராட்டின.

மூன்றாவதுதான் முக்கியமானது. தீர்ப்பு வரைவு முடிந்ததும், எழுதிய கிளார்க் அவர் எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிடிக்காத இடத்தில் விரலைத் தூக்குவார். பிடித்த இடத்தில் "இது என் குரல்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள்.

அதே மாடியில் எங்களுக்கு எதிர் அறையில் இன்னொரு நீதிபதி இருந்தார். அவர் நேர் எதிர்க் கட்சி. கம்பெனிக்காரன் சொன்னால் வேதவாக்கு, அகதி சொன்னால் கட்டுக்கதை. காவலில் வைக்கப்பட்ட ஒரு மனிதரை விடுவிக்க மறுத்து அவர் எழுதிய உத்தரவைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதருக்கு நடக்கப் பழகும் வயதில் ஒரு குழந்தை இருந்தது. ஆனால் அதே நீதிபதியின் கிளார்க் ஒருவனின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டேகேரிலிருந்து போன் வந்தபோது, "நீ இன்னும் ஏன் இங்கே நிற்கிறாய்?" என்று கேட்டுத் துரத்திவிட்டு, அந்த வாரத்து உத்தரவுகளை அவரே உட்கார்ந்து எழுதினார். மகா மோசமாக எழுதினார், அது வேறு விஷயம். ஒருவன் பிள்ளையிடம் போக வழிவிட்ட அதே கை இன்னொருவன் பிள்ளையிடம் போவதைத் தடுத்தது. இதை வைத்து அவரை நல்லவர் என்று சொல்வதா, கெட்டவர் என்று சொல்வதா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கட்சியைப் பார்த்துக் கணக்குப் போடுவதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இனி தாரணி.

அவள் நாட்டின் மறுகோடியில், கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா ஈரோட்டுப் பக்கம். அப்பாவுக்குச் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஏதோ சிப் கம்பெனியில் வேலை. ஒரே பெண். தமிழ் நன்றாகப் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். மற்றவர்கள் முன்னால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கதவு சாத்தியிருந்தால் அங்கிள். நீதிபதியின் தீர்ப்புகளைப் பதினோராம் வகுப்பிலிருந்தே படித்து வருகிறேன் என்று சொன்னாள். சாமி கும்பிடுவது மாதிரி சொன்னாள். அந்த வருடத்தின் எதிர்க் கொள்கைக்காரன் டெக்ஸாஸிலிருந்து வந்த ஒரு பையன். தேவாலயம், துப்பாக்கி, சந்தையே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை, எல்லாம் உள்ளவன். மேஜையில் இருவரும் தினமும் முட்டிக்கொள்வார்கள். மேஜையை விட்டு எழுந்ததும் அவன் அவளுக்கும் சேர்த்து காப்பி போட்டு வருவான்.

வேலைச்சுமை பற்றி ஒரு வார்த்தை. ஒரு மனு ஆறு மாதத்துக்கு மேல் தீராமல் கிடந்தால், வருடத்தில் இருமுறை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், நீதிபதியின் பேரோடு பொதுப் பட்டியலில் ஏறிவிடும். ஃபெடரல் நீதிபதிகளைப் பதவியிலிருந்து இறக்குவது லேசில் ஆகாது, சம்பளத்தைக் குறைக்கவும் ஆகாது. அவர்கள் பயப்படுவது இந்தப் பட்டியலுக்குத்தான். அதனால் மார்ச் மாதம் சேம்பர்ஸில் யாரும் மனிதர்களாக இருப்பதில்லை. சனி, ஞாயிறு எல்லாம் ஒரே மாதிரி. அந்த மார்ச்சில் டெக்ஸாஸ் பையன் கையில் ஒரு பெரிய காப்புரிமை வழக்கு, என் கையில் கைதிகளின் மனுக்கள் ஒரு மலை. தாரணியிடம் ஒரு பெண்ணின் வழக்கு.

அந்தப் பெண் டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டுகிறவள். அவள் தாய் சாகக் கிடந்தாள். போய்ப் பக்கத்தில் இருக்கிறேன் என்று விடுப்புக் கேட்டாள். சீசன் முடியட்டும் என்றார்கள். சொல்லாமல் போனாள். திரும்பி வந்தபோது வேலை இல்லை. சட்டப்படி விடுப்பு என் உரிமை என்று வழக்குப் போட்டிருந்தாள். வழக்கை விசாரணைக்கே எடுக்காமல் முடித்துவிடுங்கள் என்று கம்பெனி மனுப் போட்டிருந்தது. அவர்கள் வக்கீல் ஒரு வாதம் வைத்திருந்தார்: இடைவேளைகளில் வீடியோ காலில் தாயோடு பேச அனுமதி கொடுத்தோமே, அது போதாதா? இந்த மனுவைத்தான் மார்ச் முடிவதற்குள் தீர்க்க வேண்டும்.

தாரணி பாதி எழுதியிருந்தபோது அவள் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கல்லீரல். முதலில் சாதாரணமாகச் சொன்னார்கள். அப்புறம் அவள் அம்மாவின் குரல் மாறியது. சேம்பர்ஸில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் என் அறைதான், ஜன்னல் ஓரம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அதனால் எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

அப்பாவே ஒருநாள் பேசினார். மூச்சு வாங்கியது, ஆனாலும் பெருமை குறையவில்லை. "பரவால்ல அம்மிணி. ஜட்ஜய்யா வேலைய பாதில உட்டுட்டு வராத. நான் எங்க போயிறப் போறேன்?"

பெற்றோர்களே, இதை இரண்டு தடவை படியுங்கள். மகள் நீதிபதியிடம் இருக்கிறாள் என்று சான்டா கிளாரா மளிகைக் கடை முழுக்கச் சொல்லிவைத்த மனிதர் அவர். அந்தப் பெருமைக்குப் பங்கம் வரக் கூடாது என்று தன் சாவையே தள்ளிவைக்கப் பார்த்தார்.

மறுநாள் அம்மா பேசினாள். தாரணி வீடியோவில் அப்பாவைக் காட்டச் சொன்னாள். காட்டினாள். வேறு எப்படிச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல் தாரணி, நான் தினமும் இப்படிக் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா போனைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு சொன்னாள். "போன்ல மொகத்தப் பாக்கலாம் கண்ணு. கையப் புடிக்க முடியாதே."

அன்றைக்கே தாரணி நீதிபதியிடம் விடுப்புக் கேட்டாள். நான் உடன் இருந்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "தாராளமாகப் போ. குடும்பம்தான் முதலில். ஆனால் இந்தத் தீர்ப்பு உன் குழந்தை. முடித்துவிட்டுப் போனால் மனசு லேசாக இருக்கும்."

அவள் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வேறு என்ன சொல்வாள்? லா கிளார்க்கின் விடுப்பு நீதிபதியின் விருப்பம். வேலை அவர் விருப்பம். அடுத்து எங்கே போனாலும், இருபது வருடம் கழித்துப் போனாலும், முதலில் அவருக்குத்தான் போன் போட்டுக் கேட்பார்கள். வெளியில் கம்பெனிகளைக் கட்டிப்போடும் பல சட்டங்கள் கோர்ட்டுக்குள் அதே பலத்தோடு நுழைவதில்லை. உள்ளே முறையிட ஒரு வழி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கடைசியில் அதைக் கேட்கப்போவதும் பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு நீதிபதிதான்.

அன்று பிற்பகல் நான் உள்ளே போனேன். கம்பெனியின் மனுவை ஒரு சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பி, மறுபடி தாக்கல் செய்யச் சொல்லலாம் என்றேன். ஆறு மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும். எல்லா சேம்பர்ஸிலும் செய்கிற வித்தைதான். அவர் முகம் சுருங்கியது. அந்தப் பெண் ஏற்கெனவே நீதிக்காகக் காத்திருக்கிறாள், என் பேர் பட்டியலில் வரக் கூடாது என்பதற்காக அவளை இன்னும் காக்க வைப்பேனா என்று கேட்டார். அதில் தப்பு சொல்ல எனக்கு வழியில்லை. அவர் கொள்கை உண்மையான கொள்கை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்படியானால் அவள் சான்டா கிளாராவில் இருந்தே எழுதி முடிக்கட்டும், உங்களுக்குப் போனில் வாசித்துக் காட்டட்டும் என்றேன். சிரித்தார். "போனிலா? எதிரில் உட்கார்ந்து வாசிப்பதும் போனில் வாசிப்பதும் ஒன்றாகுமா? உனக்குத் தெரியாததா?" என்றார். மேஜையில் அவருக்கு முன்னால் கம்பெனி வக்கீலின் வாதம் கிடந்தது, வீடியோ கால் பற்றிய வரிகளில் மஞ்சள் கோடு போட்டபடி. அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

நான் வெளியே வந்ததும் டெக்ஸாஸ் பையன் உள்ளே போனான். இந்த வழக்கில் கம்பெனிதான் ஜெயிக்க வேண்டும் என்று மேஜையில் மூன்று வாரமாக வாதாடியவன் அவன். மீதியை நான் எழுதுகிறேன், நீங்கள் சொல்கிற முடிவுக்கே எழுதுகிறேன், அவள் போகட்டும் என்று கேட்டான். கதவு பாதி திறந்திருந்தது. நீதிபதி அவனைப் பாராட்டினார். ரொம்பப் பெரிய மனசு என்றார். "ஆனால் இதில் உனக்கு நம்பிக்கை இல்லையே. நம்பாதவன் எழுதினால் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். இதை அவள்தான் எழுத முடியும்."

கொள்கை கொள்கை என்று கேட்டீர்களே பிள்ளைகளே, இதுதான். அவள் அவருடைய கொள்கைக்காரியாக இருந்ததால் போக முடியவில்லை. எதிர்க் கட்சிக்காரியாக இருந்திருந்தால் அன்றைக்கே ஃபிளைட் ஏறியிருப்பாள்.

நீதிபதி சும்மா இருக்கவில்லை. சேம்பர்ஸ் சார்பில் சான்டா கிளாராவுக்கு ஒரு பழக்கூடை அனுப்பினார். ஆப்பிள், பேரி, அன்னாசி, ஒரு ரிப்பன், கையால் எழுதிய வாழ்த்து. மகள் போய்ச் சேருவதற்கு முன் கூடை போய்ச் சேர்ந்தது. அம்மா அதைச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அப்பாவிடம் காட்டினேன், ரொம்ப சந்தோஷப்பட்டார் என்று. தாரணி அதை எனக்குக் காட்டிவிட்டு, போய் உட்கார்ந்து எழுதினாள்.

அவள் வாசித்த அன்றும் நான் அறையில் இருந்தேன். நீதிபதி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சட்டம், சாட்சியம், முன் தீர்ப்புகள் எல்லாம் கடந்து வீடியோ கால் வாதத்துக்கு வந்தாள். கம்பெனி சொல்வதுபோல் தொலைபேசியில் தாயின் முகத்தைப் பார்த்திருக்கலாம்தான், ஆனால் தொலைபேசியில் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள முடியாது, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் சட்டம் இந்த விடுப்பைத் தந்திருக்கிறது என்று வாசித்தாள்.

நீதிபதியின் விரல் எழவில்லை. கண்ணைத் திறக்காமலே, "இது என் குரல்" என்றார்.

நான் தாரணியைப் பார்த்தேன். அவள் அடுத்த பத்தியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்தான அன்றே கிளம்பினாள். அப்பா உயிரோடு இருந்தார், நினைவு இல்லை. அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், யார் கை என்று அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை என்றும் எனக்கு மெசேஜ் அனுப்பினாள். அவள் போன மறுநாள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்து திரும்பி வந்தாள். ஏன் திரும்பினாள் என்று கேட்காதீர்கள். பாதியில் விட்டுப்போன கிளார்க் என்ற பேரோடு இந்தத் தொழிலில் யாரும் பிழைக்க முடியாது. நீதிபதி அவளைக் கட்டிப்பிடித்து, நாங்கள் எல்லாரும் உன் குடும்பம் என்றார். வேலை செய்கிற இடத்தில் குடும்பம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று ஒருமுறை கேட்டேன். ஜட்ஜ் போகச் சொன்னார், நான்தான் முடித்துவிட்டு வருகிறேன் என்று இருந்துவிட்டேன், அப்படித்தான் சொன்னேன் அங்கிள் என்றாள். சேம்பர்ஸில் நடந்தது சேம்பர்ஸோடு. பெற்ற தாயிடமும் அதைக் காப்பாற்றியவள். அதிலிருந்து அம்மா அவளோடு முன்போல் பேசுவதில்லை என்பதையும் ஏதோ வானிலை சொல்வது மாதிரி சொன்னாள்.

தீர்ப்பு பெரிய பேர் வாங்கியது. அந்தக் கிடங்குப் பெண்ணுக்கு வழக்கு பிழைத்தது, பிறகு கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். கையைப் பிடிக்கும் அந்த வரியை மற்ற கோர்ட்டுகள் எடுத்தாண்டன. நீதிபதியின் மனிதநேயம் என்று எழுதினார்கள்.

போன வருடம் அவருடைய படத்திறப்பு விழா நடந்தது. நீதிபதிகள் பணியைக் குறைத்துக்கொள்ளும் வயதில், எண்ணெய் ஓவியம் ஒன்றை வரையச் சொல்லி நீதிமன்ற அறையில் மாட்டுவார்கள். பழைய கிளார்க்குகள் எல்லாம் நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள், குடும்பத்தோடு. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். போகக் கூடாது என்றிருந்தேன். தாரணி வருகிறாள் என்று தெரிந்ததால் போனேன். இப்போது அவளும் அம்மாவும் சான்டா கிளாராவுக்குக் கொஞ்ச தூரத்தில், கலிஃபோர்னியாவிலேயே டப்ளின் என்ற ஊரில் இருக்கிறார்கள். பழம் அனுப்பின ஜட்ஜய்யாவை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று அம்மாதான் பிடிவாதமாகக் கிளம்பி வந்திருந்தாள். பட்டுச் சேலை, நெற்றியில் திருநீறு. எங்கள் மூவருக்கும் கடைசிக்கு முன் வரிசையில் இடம்.

திரையை விலக்கினார்கள், கைதட்டினார்கள். நீதிபதி எழுந்து பேசினார். இத்தனை வருடத்தில் தனக்கு மிகவும் பிடித்த வரி எது என்று பலர் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, அழகாகச் சொன்னார். தன் அம்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில் அது தானாக வந்தது என்றார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அதை நம்புகிறார். அத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எல்லாம் சொந்தக் குரலாகத்தான் கேட்கும்.

தாரணியின் அம்மாவுக்கு இந்த அளவு ஆங்கிலம் புரியும். மகள் பக்கம் திரும்பினாள்.

"இது நான் உங்கிட்டச் சொன்னதுதான கண்ணு?"

தாரணி தலையாட்டினாள்.

"இதைய எழுதறதுக்குத்தான் நீ வராம இருந்தியா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், நீதிபதி ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். தாரணி மடியில் இருந்த விழா அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சேம்பர்ஸாவது ரகசியமாவது என்று ஆகிவிட்டது. நான் அம்மாவின் பக்கம் குனிந்தேன்.

"அவ கேட்டாம்மா. போறேன்னு கேட்டா. அவருதான் விடல."

அம்மா என்னைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். பிறகு மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பேச்சு முடியும்வரை விடவில்லை.

விழா முடிந்து கேக் வெட்டியதும் நீதிபதி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். தாரணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இவர்கள் என் அம்மா என்றாள் தாரணி. அவர் அம்மாவின் வலக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அம்மா இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"பழம் அனுப்புனீங்க, ரொம்ப சந்தோசமுங்க. புள்ளைய அனுப்பியிருந்தீங்கன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

நீதிபதி தாரணியைப் பார்த்தார், என்ன சொல்கிறார்கள் என்று. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். தாரணி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, பழக்கூடைக்கு நன்றி சொல்கிறார்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நீதிபதி நெகிழ்ந்துபோய் அம்மாவின் கையை இன்னும் ஒருமுறை அழுத்தினார்.

"என்னால் முடிந்தது அவ்வளவுதான்" என்றார்.